குருவானவர் இல்லாத நாளிலும் அணையாத விளக்கு
மைசூர்ச் சீமையின் ஆதிக் கிறிஸ்தவர்கள் ஜெபத்தைக் காத்த கதை

மைசூர் பஸ் நிலையத்தில் ஏறி பெங்களூர் சாலையில் அரை மணி நேரம் போனால் ஸ்ரீரங்கப்பட்டணம் வந்துவிடும். லீவு நாளில் ஊரிலிருந்து வந்த உறவினரை அழைத்துக்கொண்டு நம்மில் போகாதவர் இல்லை. ரங்கநாதர் கோவில், திப்புவின் கோடை மாளிகை, கும்பஸ், பிறகு கஞ்சாமில் நிமிஷாம்பா கோவில், காவிரியில் கால் நனைத்தல். அத்தோடு திரும்பிவிடுகிறோம்.

அதே கஞ்சாமில் ஒரு மாதா கோவிலும் இருக்கிறது. அபே துபுவா கோவில் என்றால் காட்டுவார்கள். 1800-ம் ஆண்டில் எழுந்தது. மைசூர் நகரத்தில் வானளாவ நிற்கும் பிலோமினா பேராலயத்தைப் பார்த்த கண்ணுக்கு இது சின்னக் கோவில்தான். ஆனால் இந்தச் சீமையில் கிறிஸ்தவர்கள் எப்படி ஜெபித்தார்கள், எப்படி அந்த ஜெபத்தைத் தொலைக்காமல் காத்தார்கள் என்று அறிய விரும்புகிறவர் முதலில் போகவேண்டிய இடம் இதுவே.

ஊரை விட்டு, உற்றாரை விட்டு, வேறு மொழி பேசும் சீமைக்கு வேலை தேடி வந்திருக்கும் நமக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. எந்த மதத்தினராயினும், குலதெய்வக் கோவிலுக்கு வருஷத்துக்கு ஒரு முறைகூடப் போக முடியாமல், வாடகை வீட்டின் ஒரு மூலையில் சாமி படத்தை மாட்டி விளக்கேற்றுகிறவர்கள் அல்லவா நாம்?

கூடாரம் தைத்தவர் வீட்டில் சபை

முதலில் ஆதித் திருச்சபையைப் பார்ப்போம். இயேசுவின் சீடர்கள் எருசலேமில் கூடி வாழ்ந்த நாட்களைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் நூல் நான்கு காரியங்களைச் சொல்கிறது: அப்போஸ்தலரின் போதனையைக் கேட்பது, ஒருவரோடு ஒருவர் ஐக்கியமாக இருப்பது, அப்பம் பிட்பது, ஜெபம் பண்ணுவது. அன்று அவர்களுக்கென்று தனிக் கோவில் கட்டடம் கிடையாது. யூதர்களின் ஆலயத்துக்குப் போனார்கள். மற்ற நேரத்தில் வீடுகளில் கூடினார்கள்.

அந்த வீடுகளில் ஒன்று ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியின் வீடு. ஆக்கில்லா கருங்கடலோரத்துப் பொந்துவில் பிறந்தவர். பிழைப்புக்கு ரோமாபுரி போனார். கிளாடியஸ் மன்னன் யூதர்களை ரோமை விட்டு வெளியேறச் சொன்னபோது கொரிந்து பட்டணத்துக்கு வந்தார். தொழில் கூடாரம் செய்வது. அதே தொழில் தெரிந்த பவுல் அப்போஸ்தலர் அவர்கள் வீட்டில் தங்கி, கூட உட்கார்ந்து வேலை செய்தார். பிறகு தம்பதி எபேசுவுக்குக் குடிபெயர்ந்தார்கள். போன இடத்திலெல்லாம் அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது என்று பவுல் தம் நிருபங்களில் எழுதுகிறார். பிழைப்புத் தேடி ஊர் ஊராய்ப் போன கைத்தொழிலாளியின் வாடகை வீடுதான் ஆதித் திருச்சபையின் கோவில்!

அவர்கள் ஜெபத்துக்கு ஒரு ஒழுங்கும் இருந்தது. ‘திதாக்கே’ என்ற மிகப் பழைய போதனை நூல், கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தினம் மூன்று முறை சொல்லும்படி கூறுகிறது. கி.பி. 112-ம் ஆண்டு வாக்கில் பித்தினியா மாகாணத்து ஆளுநர் பிளினி, டிராஜன் சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியும் முன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்று தெரிவித்தார். ஏன் விடியும் முன்? காரணத்தை அவர் எழுதவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் அடிமைகளும் உண்டு. விடிந்தால் எஜமானின் வேலைக்குப் போகவேண்டியவர்களுக்கு அந்த நேரம்தான் சொந்த நேரம். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

முத்துக்குளித்துறையில் ஒரு மணியோசை

இனி நம் தமிழ்நாட்டுக் கரைக்கு வருவோம். 1535-க்கும் 1537-க்கும் இடையில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, ‘நான் கிறிஸ்தவன்’ என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது!

இரண்டு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, பத்துக் கற்பனை ஆகியவற்றைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்தார். அவற்றை மனப்பாடம் பண்ணினார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அடித்துப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டினார். பிள்ளைகள் படித்ததை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது அவர் கட்டளை. நோயாளிகள் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், எல்லா வீட்டுக்கும் தாமே போக முடியாது என்று, ஜெபம் தெரிந்த சிறுவர்களை அனுப்பினார். ஒவ்வொரு ஊரை விட்டுப் புறப்படும்போதும் ஜெபங்களின் பிரதி ஒன்றை வைத்துவிட்டு, எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அத்தோடு விடவில்லை. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். இவர் வரவு செலவு பார்க்கிற கணக்கப்பிள்ளை அல்ல. கோவிலைப் பார்த்துக்கொண்டு, ஜெபம் சொல்லிக்கொடுத்து, குருவானவர் இல்லாத நாளில் சபையை நடத்துகிற உபதேசியார். இவர்களின் சம்பளத்துக்குச் சவேரியார் பிடித்த வழி சுவையானது. முத்துக்குளித்துறை வருமானத்தில் போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று வருஷத்துக்கு 4,000 பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதை உபதேசியார்களுக்குத் தரும்படி கேட்டு வாங்கினார். மோட்சம் போக இந்தப் பிள்ளைகளின் ஜெபத்தைவிட நல்ல பாதரட்சை கிடையாது என்ற கருத்தில் அரசிக்குச் சொல்லி அனுப்பினாராம்.

‘வேணும்’ என்ற ஒரு சொல்

அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்பில் பிழையும் புகுந்தது. விசுவாசப் பிரமாணத்தில், ‘சர்வேசுரனை விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544-ல் சவேரியார் தம் உதவியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், இனி ‘வேணும்’ என்று சொல்லிக்கொடுக்காதீர், ‘விசுவாசம்’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடும் என்று திருத்தம் அனுப்பினார்.

சிறிய பிழைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம்முடைய ஜெபமெல்லாம் எங்கே தொடங்குகிறது? ‘வேணும்’ என்ற சொல்லில்தானே! வேலை நிரந்தரமாக வேணும். ஊர்ப் பக்கம் டிரான்ஸ்பர் வேணும். மகளுக்கு நல்ல இடம் அமைய வேணும். பிரார்த்தனைக்கே தமிழில் வேண்டுதல் என்றுதான் பெயர். அதில் குற்றமில்லை. பசித்த பிள்ளை தாயிடம் கேட்காமல் யாரிடம் கேட்கும்? ஆனால் கேட்டது கிடைக்காத நாளிலும் கைகூப்ப முடிகிறதா என்பதில்தான் ஆத்ம வளர்ச்சி இருக்கிறது. ‘வேணும்’ என்பதிலிருந்து ‘விசுவசிக்கிறேன்’ என்பதற்குப் போகும் தூரம்தான் ஜெப வாழ்க்கையின் தூரம். அந்தக் கடலோர ஜனங்கள் வாய்ப்பாடத்தில் அதைக் கடந்தார்கள். மைசூர்ச் சீமையில் வாழ்ந்தவர்களோ வாழ்க்கையிலேயே அதைக் கடக்கவேண்டி வந்தது.

சவேரியாருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழை முறையாகக் கற்று ஜெபங்களை மேலும் திருத்தினார். 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமே உள்ள சிறு நூல். இந்திய மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் அதுவே. நம் தமிழ் அச்சேறியதே ஒரு ஜெபப் புத்தகத்தில்தான்.

காவிரித் தீவில் கன்னட உபதேசம்

மைசூர் மிஷன் என்ற பெயர் 1640-களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. கண்டீரவ நரசராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆண்ட காலம். லியோனார்தோ சின்னமி என்ற இத்தாலியச் சேசு சபைக் குருவானவர் இங்கே வந்து, கன்னடம் கற்று, கன்னடத்திலேயே உபதேசம் எழுதினார். ஆனால் மைசூர் மிஷன் முழுக்கக் கன்னட மிஷனாக இருக்கவில்லை. அந்நாளில் மைசூர் அரசின் கை சத்தியமங்கலம், தர்மபுரிப் பக்கத்துத் தமிழ் ஊர்களுக்கும் நீண்டது. ஆகவே ஒரே மிஷனில் ஓர் ஊரில் கன்னட ஜெபம், மறு ஊரில் தமிழ் ஜெபம். இரண்டும் ஒரே ஆண்டவனிடம் போய்ச் சேர்ந்தன.

குருவானவர்கள் எண்ணிக்கை விரல் விட்டு எண்ணக்கூடியது. சுற்ற வேண்டிய ஊர்களோ ஏராளம். ஓர் ஊருக்குக் குருவானவர் வந்து பூசை வைத்துப் போனால் மறுபடி எப்போது வருவார் என்று தெரியாது. இடைக்காலத்தில் சபையைத் தாங்கியவர்கள் உபதேசியார்களும், அந்திக்கு விளக்கேற்றிப் பிள்ளைகளைக் கூட்டி ஜெபமாலை சொன்ன தாய்மார்களும்தான். ஆபத்துக் காலத்தில் குருவானவர் அல்லாதவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்க முறை. பிறப்பையும் இறப்பையும் ஜெபத்தோடு நடத்த வீட்டு மனிதர்களே கற்றுக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாடும் குலைந்தது. 1759-ல் போர்த்துக்கல் அரசு சேசு சபையைத் தன் எல்லையிலிருந்து விரட்டியது. 1773-ல் போப்பாண்டவரே அந்தச் சபையைக் கலைத்தார். வர இருந்த சில குருவானவர்களும் வராமற் போனார்கள்.

பதினைந்து வருஷச் சோதனை

பின்னர் 1784 வந்தது. ஆங்கிலேயருடன் நடந்த யுத்தத்தில் கடலோரக் கன்னடக் கத்தோலிக்கர்கள் எதிரிக்கு உதவினார்கள் என்று திப்பு சுல்தான் எண்ணினார். அவர்களைக் கூட்டங் கூட்டமாகப் பிடித்து மலைத்தொடரைத் தாண்டி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுவரச் செய்தார். எத்தனை பேர் என்பதில் ஏடுகளுக்குள் ஒற்றுமை இல்லை. பல பத்தாயிரம் பேர் என்பதில் பெரும்பாலும் ஒற்றுமை உண்டு. வழியில் இறந்தவர் பலர். மதம் மாற்றப்பட்டவர் பலர். கோவில்கள் இடிந்தன. அதே திப்பு சிருங்கேரி மடத்துக்கும் ரங்கநாதருக்கும் காணிக்கை கொடுத்ததும் வரலாறுதான். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

1799 மே 4-ந் தேதி கோட்டை விழுந்தது. திப்பு மாண்டார். சிறைக் கதவுகள் திறந்தன. சிதறிய கிறிஸ்தவர்களை மறுபடி ஒன்றுசேர்க்க ஒரு குருவானவர் தேவைப்பட்டார். அப்போது வந்தவர்தான் அபே துபுவா.

தலைப்பாகை கட்டிய பாதிரியார்

ஜீன் அன்டோயின் துபுவா பிரெஞ்சுக்காரர். 1792-ல் குருப்பட்டம் பெற்று, பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பு நடந்த அதே வருஷத்தில் கப்பலேறிப் புதுச்சேரிப் பக்கம் வந்தார். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு, அன்று கர்னல் வெல்லெஸ்லி என்ற பெயரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அதிகாரியாக இருந்தார். அவர் சிபாரிசில் துபுவா இங்கே அழைக்கப்பட்டார்.

நீண்ட அங்கி, தலைப்பாகை, மரக்கறி உணவு என்று இந்த நாட்டு மனிதராகவே அவர் வாழ்ந்தார். ‘தொட்ட சுவாமி’ என்று கன்னட ஜனங்கள் மரியாதையாக அழைத்தார்கள். பெரிய சுவாமி என்று பொருள். மிரட்டலுக்குப் பயந்து மதம் மாறியவர்கள் திரும்பி வந்தபோது என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பிற்காலத்தில் எழுதிய கடிதங்களில், எதிர்த்து நின்று உயிர் கொடுத்தவர் ஒருவரும் இல்லையே என்று அவர் கடுமையாகவே குறைகூறினார். ஆனால் கோவில் வாசலில் வந்து நின்றவர்களை அவர் விரட்டவில்லை. சேர்த்துக்கொண்டார்.

ஆதித் திருச்சபையிலும் இதே கேள்வி எழுந்தது உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் டேசியஸ் மன்னன் காலத்துக் கொடுமைக்குப் பயந்து பலர் மறுதலித்தார்கள். அமைதி திரும்பியதும் அவர்களைச் சேர்ப்பதா கூடாதா என்று கார்த்தேஜிலும் ரோமிலும் பெரிய வாதம் நடந்தது. மனஸ்தாபப்பட்டவர்களைத் தவ முயற்சிக்குப் பின் சேர்க்கலாம் என்ற முடிவே நிலைத்தது. தவறி விழுந்தவன் எழுந்து வருவதும் ஆத்ம வளர்ச்சியில் ஒரு படிதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பதினைந்து வருஷம் கோவில் இல்லை. பகிரங்கமாகச் சிலுவை போடவும் முடியாது. அந்த வீடுகளுக்குள் என்ன நடந்தது என்று எழுதிவைக்க ஒருவரும் இல்லை. ஆனால் 1799-ல் கூட்டிச் சேர்க்க ஜனங்கள் இருந்தார்கள்! அதுவே போதிய சாட்சி. யாரோ ஒரு பாட்டி பரலோக மந்திரத்தை மறக்காமல் வைத்திருந்தாள். யாரோ ஒரு தகப்பன் பிள்ளையின் காதில் அதைச் சொல்லியிருந்தான். இல்லாவிட்டால் கஞ்சாம் கோவில் யாருக்காக எழுந்திருக்கும்?

ஜப்பானிலும் இப்படி நடந்தது. 1614-ல் அங்கே கிறிஸ்தவ மதம் தடைசெய்யப்பட்டது. குருவானவரே இல்லாமல் இருநூறு வருஷத்துக்கு மேல் போயிற்று. 1865 மார்ச் 17-ந் தேதி நாகசாகியில் புதிதாகக் கட்டிய கோவிலுக்கு ஏழைக் குடியானவர்கள் சிலர் வந்து, எங்கள் மனசும் உங்கள் மனசும் ஒன்றுதான் என்று பிரெஞ்சுக் குருவானவரிடம் மெல்லிய குரலில் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் ஜெபத்தை ஒளித்துக் காத்திருந்தார்கள்.

ஜெபமும் ஊசியும் ஏரும்

துபுவாவின் பக்தி முழங்காலோடு நிற்கவில்லை. அன்று பெரியம்மை ஊர் ஊராக வாரிக்கொண்டு போயிற்று. ஜென்னர் கண்ட அம்மைப் பால் குத்தும் முறை இந்தியாவுக்கு வந்த சில வருஷங்களிலேயே, பயந்து ஒதுங்கிய ஜனங்களிடம் பேசி மைசூர்ச் சீமையில் அதைப் பரப்ப அவர் பாடுபட்டார். அரசாங்கமும் அதை நன்றியோடு குறித்தது. ஹாசன் பக்கம் சத்தள்ளியில், பிழைப்பிழந்த கிறிஸ்தவர்களைக் குடியமர்த்திப் பயிர்த்தொழில் செய்ய வழிபண்ணினார். பசித்த வயிற்றோடு ஜெபம் நெடுநாள் நிற்காது என்று அறிந்தவர் அவர்.

இந்நாட்டு மக்களின் பழக்க வழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1816-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இன்றும் அறிஞர்கள் அதை எடுத்துப் பேசுகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளை வைத்துப் பஞ்சதந்திரக் கதைகளையும் பிரெஞ்சில் பெயர்த்தார்.

ஆனால் அவருடைய மனத்தில் ஒரு கசப்பு இருந்தது. 1823-ல் ஊர் திரும்பியபோது, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டும் இருநூறு முந்நூறு பேரைத்தான் சேர்த்தேன், இந்த நாட்டில் கிறிஸ்தவ மதத்துக்கு இனி வளர்ச்சி இல்லை என்று எழுதினார். 1848-ல் பாரீஸில் காலமானார்.

அவர் கணக்குத் தப்பிற்று. அவர் எண்ணியது தலைகளை. வீட்டு மூலையில் எரிந்த விளக்குகளை அவர் எண்ணவில்லை. அவர் போன இருபது வருஷத்தில், 1843-ல், மும்முடி கிருஷ்ணராஜ உடையார் மைசூர் நகரத்திலேயே ஒரு கோவில் கட்டுவித்தார். அனைத்தையும் படைத்துக் காக்கும் ஒரே கடவுளின் பெயரால் கட்டியது என்ற பொருள்பட அமைந்த அதன் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அதே இடத்தில், 1933 அக்டோபர் 28-ந் தேதி, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் இப்போதுள்ள பேராலயத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். அதன் இரட்டைக் கோபுரம் 175 அடி. பிலோமினாவின் திருப்பண்டத்தை 1926-ல் பெற்றுவந்தவர் அரண்மனைச் செயலாளர் டி. ஆர். ஏ. தம்புச் செட்டி என்பதில் தமிழர்க்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இந்து மன்னர்கள் கட்டிக்கொடுத்த கோவிலில், யூத மண்ணில் பிறந்த ஜெபத்தை, கன்னடமும் தமிழும் கொங்கணியும் பேசுகிற வாய்கள் சொல்கின்றன.

நமக்குள்ள பாடம்

1960-கள் வரை கத்தோலிக்கக் கோவிலில் பூசை லத்தீனில்தான் நடந்தது. பீடத்தில் குருவானவர் லத்தீனில் சொல்ல, கீழே உட்கார்ந்த நம் தாய்மார்கள் தமிழில் ஜெபமாலை உருட்டினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே மக்கள் மொழி பீடம் ஏறியது. அதற்குப் பின் கர்நாடகத்தில் எந்த மொழியில் பூசை என்று மனஸ்தாபங்களும் எழுந்தன. கோவில் வாசலில் குரல் உயர்ந்த நாட்களும் உண்டு. சின்னமி கன்னடம் கற்றதையும், தமிழ் ஊரும் கன்னட ஊரும் ஒரே மிஷனில் இருந்ததையும் அந்த வாதம் செய்தவர்கள் நினைத்திருந்தால் குரல் சற்றுத் தணிந்திருக்கும்.

ஊர் மொழியை மதித்துக் கற்பது நம் கடமை. தாய்மொழியில் ஜெபிப்பது நம் உரிமை. ஒன்றுக்கு ஒன்று பகை இல்லை. இங்கே பிறந்து கன்னடப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளை கன்னடத்தில் ஜெபித்தால் கடவுளுக்குப் புரியாமல் போகாது. ஆனால் பாட்டி சொன்ன ஜெபத்தைத் தமிழிலும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க நமக்கு நேரம் இருக்கிறதா என்பதே கேள்வி. சவேரியார் காலத்தில் பிள்ளை பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தான். இன்று பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

அந்த முன்னோர் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. குறித்த நேரத்தில் ஜெபித்தார்கள். தனியாக அல்ல, வீட்டாரைக் கூட்டி ஜெபித்தார்கள். புத்தகம் பறிபோனாலும் போகாதபடி மனப்பாடம் பண்ணினார்கள். பக்கத்து வீட்டு நோயாளிக்காகவும் ஜெபித்தார்கள். கிடைத்தபோதும் கிடைக்காதபோதும் விடாமல் செய்தார்கள். ‘வேணும்’ என்று தொடங்கியவர்கள் ‘விசுவசிக்கிறேன்’ என்று முடித்தார்கள்.

அடுத்த முறை உறவினரோடு ஸ்ரீரங்கப்பட்டணம் போகும்போது, நிமிஷாம்பாவைத் தரிசித்த கையோடு அந்தச் சின்ன மாதா கோவில் வாசலிலும் ஐந்து நிமிஷம் நின்று வாருங்கள். கோவிலை எழுப்பிய பெரிய சுவாமியின் பெயர் எல்லாருக்கும் தெரியும். பதினைந்து வருஷம் விளக்கை அணையவிடாமல் வைத்திருந்த அந்தப் பாட்டியின் பெயர் யாருக்கும் தெரியாது. அவளையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.